நாய்க்குட்டி எதைக் கடிக்கலாம்?

வீட்டுக்கு வந்த எட்டு வார நாய்க்குட்டி செருப்பைக் கடிக்கும், நாற்காலிக் காலைக் கடிக்கும், சார்ஜர் வயரையும் விடாது. அதட்டினால் ஒரு நிமிடம் நிற்கும். மறு நிமிடம் தொடங்கிவிடும். அந்த வயதில் அது எதையும் வாயால்தான் அறிந்துகொள்கிறது. கடிக்காதே என்று சொல்லிப் பயனில்லை என்றால், கடிக்க எதைக் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடை சொல்லிவருகிறார்கள். கி.மு. 37ஐ ஒட்டி வேளாண்மை நூல் எழுதிய ரோமானிய அறிஞர் வார்ரோ, மந்தை காக்கும் நாய்களுக்கு வாற்கோதுமை ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். கூடவே நொறுக்கிய எலும்பையும் கொடுக்கலாம் என்றார். எலும்பைக் கடித்தால் பல் உறுதிப்படும், தாடை விரியும், மஜ்ஜையின் ருசியில் நாய்க்கு வேகம் வரும் என்பது அவர் கணிப்பு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களை வளர்த்த நம் கிராமங்களிலும் அன்றாடம் கூழோ கஞ்சியோ சோறோதான். கறி எடுத்த நாளில் எலும்பு. அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

இன்று அதே எலும்பைக் கொடுக்காதே என்கிறார் கால்நடை மருத்துவர். பச்சையாகக் கொடுத்தால் நல்லது என்கிறது இன்னொரு தரப்பு. கடைக்காரர் நைலான் எலும்பை நீட்டுகிறார். இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே பலவீனப்படுகின்றன என்று பார்க்கும்போது ஒரு பொதுக் குறை தெரிகிறது. ஏறக்குறைய எல்லாமே வளர்ந்த நாயை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. குட்டியின் வயது கணக்கில் வரவே இல்லை.

முதலில் பல்

குட்டிக்குப் பால்பற்கள் 28. பிறந்த மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கும். ஊசி போலக் கூர்மையானவை, மெலிந்தவை. மூன்றரை, நான்கு மாதம் தொட்டு அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் வந்துவிடுகின்றன. முதலில் முன்வெட்டுப் பற்கள், பிறகு கோரைப்பற்கள், கடைசியில் கடைவாய்ப் பற்கள். இடைப்பட்ட காலத்தில் ஈறு வீங்கிச் சிவந்திருக்கும். பொம்மையில் லேசாக ரத்தக்கறை படியும். விழுந்த பால்பல்லைக் குட்டி விழுங்கிவிடுவதும் உண்டு. இவற்றுக்காகப் பதற வேண்டியதில்லை.

வளர்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது அடுத்த கட்டத்தைத்தான். ஏழு மாதத்தில் எல்லாப் பல்லும் வந்துவிட்டதே, இனி எலும்பு கொடுக்கலாம் என்று நினைத்துவிடுகிறோம். புதிதாக முளைத்த நிலைப்பல் வெளியில் முழு உருவம் பெற்றிருந்தாலும் உள்ளே இன்னும் முதிர்ந்திருக்காது. பற்கூழ் அகலமாகவும் அதைச் சுற்றிய சுவர் மெல்லியதாகவும் இருக்கும். வேர்நுனி மூடிக்கொள்ள மேலும் சில மாதங்கள் பிடிக்கும். அந்த நிலையில் பல் உடைந்தால் பற்கூழ் எளிதில் வெளிப்பட்டு அழுகிவிடும், வேரின் வளர்ச்சி அத்தோடு நின்றுவிடும். கடினமான பொருளைக் கொடுப்பதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையான காலம் பாதுகாப்பானது என்ற பொது எண்ணம், பல்லின் அமைப்போடு பொருந்தவில்லை.

எலும்பு: பழைய விடையும் புதிய வடிவமும்

எலும்புக்கு ஆதரவான பழைய வழக்கத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கோட்பாட்டு வடிவம் கிடைத்தது. கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் வெளியிட்ட நூல், நாய்க்கு இயற்கை உணவு பச்சை இறைச்சியும் சதையோடு கூடிய எலும்புமே என்று வாதிட்டது. 2001இல் இன்னொரு கால்நடை மருத்துவரான டாம் லான்ஸ்டேல் அதையே இன்னும் கடுமையாகச் சொன்னார். பாக்கெட் உணவு வந்த பிறகுதான் நாய்களின் பல் கெட்டது என்பது இவர்கள் வாதத்தின் சாரம்.

இதற்கு ஓரளவு சான்றும் உண்டு. பிரேசிலில் பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. சில வாரங்களுக்குள் பற்காரை பெருமளவு குறைந்திருந்தது. ஆனால் அவை வளர்ந்த நாய்கள், எண்ணிக்கையும் குறைவு. காரை குறைந்ததா என்பதே அங்கே முதன்மைக் கேள்வி. ஆண்டுக்கணக்கில் எலும்பு கடிக்கும் நாய்க்குப் பல் உடைகிறதா என்பதற்குச் சில வார ஆய்வு விடை சொல்லாது.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது 1999இல் வந்த இன்னொரு ஆய்வு. ஸ்டீன்காம்ப், கோரல் என்ற இருவர் ஆப்பிரிக்கக் காட்டுநாய்களின் 29 மண்டையோடுகளைப் பரிசோதித்தார்கள். வேட்டையாடி, எலும்பு கடித்து வாழ்ந்த விலங்குகள் அவை. காரை அவற்றில் மிகக் குறைவு. ஆனால் ஈறுநோயின் தடயம் 41 விழுக்காட்டிலும், உடைந்த பல் 48 விழுக்காட்டிலும் இருந்தன. காரை இல்லாத வெள்ளைப் பல் ஆரோக்கியமான வாயின் அடையாளம் என்ற எண்ணத்தையே இது அசைத்துவிடுகிறது. 'இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது' என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பை நான் பார்க்கவில்லை. தவிர, நாய் ஓநாயும் அல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாயில் பல மடங்கு பெருகியிருப்பதை 2013இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. கஞ்சி குடித்து வளர்ந்த நம் நாட்டு நாய்களைப் பார்த்தவர்களுக்கு அது வியப்பான செய்தியாக இருந்திருக்காது.

எதிர்த்தரப்பின் முதன்மைச் சான்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் வெளியிட்ட எச்சரிக்கை. 2010 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை எலும்புத் தின்பண்டங்கள் குறித்து சுமார் 68 புகார்கள் வந்தன. ஏறத்தாழ 15 நாய்கள் இறந்ததாகச் சொல்லப்பட்டது. தொண்டையில் அடைப்பு, குடலடைப்பு, வாயிலும் தொண்டையிலும் கீறல், ஆசனவாயில் ரத்தம் ஆகியவை அப்புகார்களில் இருந்தன. இதன் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். இவை வேகவைத்தோ புகையூட்டியோ பாக்கெட்டில் விற்ற எலும்புகள்; பச்சை எலும்புக்காரர்கள் 'நாங்கள் சொல்வது இதை அல்ல' என்று விலகிக்கொள்ள முடியும். எத்தனை லட்சம் எலும்புகளுக்கு 68 புகார் என்ற கணக்கும் அதில் கிடையாது.

சமைத்த எலும்பு விஷயத்தில் மட்டும் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. வெந்த எலும்பு நெகிழ்ச்சியை இழந்து கூரிய சிம்புகளாக உடைகிறது, ஆகவே கூடாது. தமிழ் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை நாய்க்குப் போய்ச்சேர்வது பெரும்பாலும் இந்த எலும்புதான், அதுவும் குழம்பில் வெந்தது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. எலும்பின் ஆபத்தோடு குழம்பின் ஆபத்தும் சேர்ந்தே தட்டில் விழுகிறது.

பச்சை எலும்புக்கும் தனி ஆபத்து ஒன்று உண்டு. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கால்கள் திடீரெனச் செயலிழக்கும் ஓர் அரிய நரம்பு நோய் கண்ட நாய்களிடம் கேம்பைலோபாக்டர் கிருமி இருப்பதற்கான வாய்ப்பு மற்ற நாய்களைவிட 9.4 மடங்கு அதிகமாக இருந்தது. பச்சைக் கோழி, குறிப்பாகக் கோழிக் கழுத்து, அதன் மூலமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். கறிக்கடையில் கழுத்தும் காலும் மலிவாகக் கிடைப்பதால் குட்டிக்கு வாங்கிப் போடுகிறவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது. அதே கிருமி குட்டியோடு விளையாடும் குழந்தைக்கும் வரும்.

தோல் குச்சி

எலும்புக்கு மாற்றாக வந்தது பதனிடாத தோல். மாட்டுத் தோலையோ எருமைத் தோலையோ சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, இரண்டாகப் பிளக்கிறார்கள். மேலடுக்கு செருப்புக்கும் பைக்கும் போகிறது. கீழடுக்கைக் கழுவி, வெளுத்து, சுருட்டி, முடிச்சுப் போட்டு உலர்த்தினால் நாய்க் குச்சி. இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பொருள்களில் இதுவும் ஒன்று.

உலர்ந்தபோது மரக்கட்டை மாதிரி இருக்கும் இந்தக் குச்சி உமிழ்நீரில் ஊறினால் வழவழப்பான, தடித்த தோலாகிவிடும். குட்டி முதலில் முடிச்சைத்தான் கடைவாய்க்குக் கொண்டுபோகும். முடிச்சு இளகிக் கையளவு துண்டு ஒன்று பிரிந்து வந்ததும் அதை மெல்லாமல் அப்படியே விழுங்கப் பார்க்கும். இலினாய் பல்கலைக்கழகத்தின் ஆய்வகச் சோதனையில் இரைப்பைக்குச் சமமான சூழலில் பன்றித் தோல் வெகுவாகக் கரைந்தது. மாட்டுத் தோல் மிக மெதுவாகவே கரைந்தது. ஆதரவாளர்கள், குடலுக்குப் போன பிறகு அது செரித்துவிடும் என்கிறார்கள். வளர்ந்த பெரிய நாய்க்கு அது சரியாக இருக்கலாம். இரண்டு கிலோ குட்டியின் இரைப்பையிலிருந்து அந்தத் துண்டு குடலுக்குப் போய்ச்சேருமா என்பதே இங்கே கேள்வி.

பன்றிக்காது எளிதில் செரிக்கும் என்பதால் அதைப் பரிந்துரைத்தவர்கள் உண்டு. 2019இல் அமெரிக்காவில் நாய்களுக்கான பன்றிக்காதுகளைத் தொட்ட மனிதர்களுக்குச் சால்மொனெல்லா பரவி, 34 மாநிலங்களில் 154 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1999இல் கனடாவிலும் இப்படி நடந்திருக்கிறது.

ரப்பரும் நைலானும் கயிறும்

தின்னக்கூடாத, கடிக்க மட்டுமே ஆன பொருள் என்பது அடுத்த விடை. அமெரிக்காவில் 1950களிலேயே நைலான் எலும்பு வந்துவிட்டது. 1970களில் கொலராடோவின் டென்வரில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு, கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் ஃபோக்ஸ்வாகன் வேனைப் பழுது பார்த்தபோது கழற்றிப் போட்ட ரப்பர் பாகத்தை அது விடாமல் கடித்ததாம். உலகெங்கும் இன்று விற்கும் 'காங்' பொம்மை அப்படிப் பிறந்தது என்பது அந்த நிறுவனம் சொல்லும் வரலாறு. உள்ளீடற்ற ரப்பருக்குள் உணவை அடைத்துக் கொடுத்தால் குட்டி நெடுநேரம் அதிலேயே ஈடுபட்டிருக்கும். குட்டிகளுக்கென்றே மென்மையான ரப்பரில் தனி வகை விற்கிறார்கள்.

என் மதிப்பீட்டில், பல் மாறும் வயதுக்கு இதுவரை வந்த விடைகளில் குறை குறைந்தது இந்த மென் ரப்பர்தான். நைலானைப் பற்றி அப்படிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. பல் மருத்துவம் பயின்ற கால்நடை மருத்துவர்கள் எளிய சோதனை ஒன்றைச் சொல்கிறார்கள்: கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் பதிய வேண்டும். பதியாத பொருள் பல்லை உடைக்கும். மான்கொம்பு, மாட்டுக் குளம்பு, நல்லி எலும்பு, கெட்டி நைலான் எல்லாம் இந்தச் சோதனையில் தோற்கின்றன. நேபாள மலைப்பகுதியிலிருந்து வரும் சுர்ப்பி என்னும் கெட்டிப் பாலாடைக்கட்டியும் அப்படியே. பால் என்பதால் அது மென்மையானது என்று ஆகிவிடாது. வளர்ந்த நாய்களிடமே மேல்வரிசையின் நான்காம் முன்கடைவாய்ப் பல் இவற்றால்தான் செதிளாகப் பெயர்கிறது. இச்சோதனைக்கு விரிவான ஆய்வு ஆதாரம் இல்லை. மருத்துவர்களின் அனுபவம்தான் ஆதாரம். ஆனாலும் செலவில்லாதது, கடையிலேயே நின்று செய்து பார்க்கக்கூடியது.

கயிற்றுப் பொம்மை பற்றிக் கருத்து பிரிந்தே இருக்கிறது. ஈறுக்கு இதம் என்பார்கள் சிலர். குட்டி அதன் இழைகளைப் பிரித்து விழுங்குவதுதான் சிக்கல். இழையின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனையைக் குடல் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். நாடாவை இழுத்தால் பாவாடை கொசுவுவது போலக் குடல் சுருங்கி, இழை அதை அறுத்துவிடக்கூடும். ரப்பர், துணி, நூல் எதுவும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். வாந்தி எடுக்கும் குட்டி என்றால் நம் ஊரில் முதலில் பார்வோ வைரஸ் நோய் என்றுதான் நினைப்பு போகிறது. பெரும்பாலும் அதில் தவறில்லை, ஆனால் இழுத்துப் பறிக்கப்பட்ட கயிறு வீட்டில் கிடந்தால் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பொம்மையில் இருக்கும் வேதிப்பொருள் பற்றிய அச்சம் இன்னும் புதியது. டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நாய்ப் பொம்மைகளிலிருந்தும் பயிற்சிக் கருவிகளிலிருந்தும் தாலேட்டும் பிஸ்பீனால் ஏயும் செயற்கை உமிழ்நீரில் கசிந்தன. அந்த அளவு நாய்க்கு என்ன செய்யும் என்பது அங்கே நிறுவப்படவில்லை. சட்டப் பாதுகாப்பும் மெலிந்ததுதான். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கானது. நாய்ப் பொம்மைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'நச்சற்றது' என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அது விற்பவர் தரும் உறுதிமொழி, அவ்வளவே.

தின்பண்டம்

1860ஐ ஒட்டி லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கியதிலிருந்து இந்த வணிகம் ஆரம்பிக்கிறது. நம் வீடுகளில் அந்த இடத்தை மேரி பிஸ்கட்டும் குளுக்கோஸ் பிஸ்கட்டும் பிடித்துக்கொண்டன. அவை நஞ்சல்ல, ஆனால் மாவும் சர்க்கரையும் தவிர குட்டிக்கு அவற்றில் பெரிதாக எதுவுமில்லை. சாக்லேட் கிரீம் பிஸ்கட் தனி ஆபத்து. தின்பண்டம் எல்லாம் சேர்ந்து அன்றாடக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற வழிகாட்டல் பரவலாக ஏற்கப்பட்டது. எலும்பு வளரும் வயதில் இதை மீறினால் சமச்சீர் உணவு தட்டிலேயே மிஞ்சும்.

வயிற்றில் கரையும் பல்சுத்தக் குச்சிகளும் முழுத் தீர்வாகவில்லை. அப்படியொரு குச்சி உணவுக்குழாயில் அடைத்துக்கொண்ட 31 நாய்களைப் பற்றிய கட்டுரை 2008இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் வந்தது. அவற்றில் பெரும்பாலானவை சிற்றுடல் நாய்கள். இவ்வகைப் பொருள்களுக்கு 1997இல் தொடங்கிய கால்நடை வாய்நல மன்றம் ஒரு முத்திரை தருகிறது. அம்முத்திரை முதன்மையாகச் சொல்வது பற்படலமோ காரையோ குறைகிறது என்பதை. ஐந்து மாதக் குட்டிக்கு ஏற்றது என்பதை அல்ல.

உலர் இறைச்சித் துண்டுகளின் கதை தீராத புதிராக நிற்கிறது. 2007 முதல் அமெரிக்காவில் அவற்றைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகக் கோளாறு உட்படப் பல நோய்கள் வந்ததாகப் புகார்கள் குவிந்தன. இறந்தவை ஆயிரத்துக்கு மேல். அவற்றில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்த சரக்கு என்று தெரிந்ததே தவிர, பல ஆண்டுகள் ஆராய்ந்தும் காரணம் அறுதியாகப் பிடிபடவில்லை.

பீநட் பட்டரைப் பொம்மைக்குள் தடவும் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி சேர்ந்த வகையாக இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. சமையலுக்குப் பயன்படும் கிரீம் ஆஃப் டார்டாரையும் புளியையும் தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்ததைக் கண்ட அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள், டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று முன்வைத்தார்கள். விரிவான கட்டுரை 2022இல் வெளியானது. புளி இல்லாத தமிழ்ச் சமையலறை கிடையாது. குழம்பில் கரைந்து போகும் சிறு அளவு நாய்க்கு என்ன செய்கிறது என்பது ஆராயப்பட வேண்டிய கேள்வி, அதை ஆராயத் தகுந்த இடமும் நம் மாநிலமே. அதுவரை புளிச்சோறும் புளி உருண்டையும் குட்டிக்கு எட்டாமல் இருக்கட்டும். மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் வேறு காரணத்துக்காக எட்டக்கூடாதவை. இரண்டுமே குடலை அடைப்பதில் பேர்போனவை.

கண்காணிப்பு என்ற விடை

எந்தப் பொருளானாலும் அருகில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்பது எல்லாத் தரப்பும் கடைசியில் வந்து சேரும் அறிவுரை. அது சரியான அறிவுரை, ஆனால் போதாது. துண்டு தொண்டைக்குள் போக ஒரு நொடி போதும். பார்த்தவர் பதறிப் பிடுங்கப் போனால், குட்டி அவசரமாக விழுங்கிவிடும். வாயில் இருப்பதைக் காக்க உறுமவும் கற்றுக்கொள்ளும். அதனால் பயிற்சியாளர்கள் பிடுங்குவதை விட்டு, பண்டமாற்றைப் பழக்கச் சொல்கிறார்கள்: அதைவிட ருசியான ஒன்றைக் காட்டி, வாயில் இருப்பதைத் தானாகவே கீழே போட வைப்பது. இந்தப் பழக்கம் எந்தப் பொம்மையையும்விடக் குட்டியைக் காக்கும் என்றே தோன்றுகிறது.

தீராமல் நிற்பவை

சமைத்த எலும்பு, நகம் பதியாத கெட்டிப் பொருள், இழை பிரியும் கயிறு, சைலிட்டால், சாக்லேட், திராட்சை ஆகியவை குட்டிக்குக் கூடாது என்பதில் இனி வாதம் தேவையில்லை. பச்சை எலும்பைப் பற்றிய வாதம் வளர்ந்த நாய்க்கு வேண்டுமானால் தொடரட்டும்; ஒரு வயது நிறையாத குட்டிக்கு அதைப் பரிந்துரைக்கத் தக்க சான்றை யாரும் இன்னும் தரவில்லை. பல் மாறும் வயதுக் குட்டிகளைத் தனியாக எடுத்து, எந்தப் பொருள் எத்தனை பல்லை உடைத்தது, எது எத்தனை குடலை அடைத்தது என்று கணக்கெடுத்தால்தான் மீதி வாதங்கள் நகரும். குளிரவைத்த கேரட்டும் ஈரத்துணியும் ஈறுவலியைத் தணிக்கும் என்பதுகூட இப்போதைக்கு நம்பிக்கையே. கேரட்டைக் குட்டியின் வாயைவிடப் பெரியதாகக் கொடுத்து, சிறுத்ததும் எடுத்துவிட்டால் கெடுதல் குறைவு என்று மட்டும் சொல்லலாம்.

குட்டி எதையாவது விழுங்கிவிட்டால், அல்லது தொடர்ந்து வாந்தியெடுத்துச் சாப்பிட மறுத்தால், வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். கடித்தது போக மிஞ்சிய துண்டையும், அது வந்த உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.